குழூஉக்குறியும் குடிமக்கள் மொழியும்

(திருகோணமலையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



படையின் மொழி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பாட்டின் மொழி பற்றிப் பேசலாம். பக்தியின் மொழி பற்றிப் பேசலாம். படையின் மொழி பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நம்மிற் சிலர் எண்ணக்கூடும். தம்பலகாமத்து வயலிலிருந்து வந்திருக்கும் கமக்காரருக்கும், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களுக்கும், நகரிலே மருத்துவராகவும் சட்டத்தரணியாகவும் ஆசிரியராகவும் பணிபுரிவோருக்கும் இதனால் ஆவதென்ன என்றும் கேட்கக்கூடும்.

திருகோணமலையிற் பிறந்தவர் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை என்பதே என் விடை. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நம் வாயிலிலே இருக்கிறது. அத்தகைய துறைமுகம் இருக்குமிடத்திற் கடற்படை இருக்கும். கடற்படை இருக்குமிடத்திற் கட்டளை இருக்கும். கட்டளை இருக்குமிடத்தில் அதற்குரிய சொல் இருக்கும். அந்தச் சொல் வேலிக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. வேலியைத் தாண்டி வீட்டுக்கு வருகிறது, வயலுக்கு வருகிறது, வள்ளத்துக்கும் வருகிறது. வரும் சொல் நமக்கு விளங்கினால் அது செய்தி. விளங்காவிட்டால் அது அச்சம். இன்று நான் சொல்லவந்தது இவ்வளவே.

நன்னூல் காட்டும் வழி

தொழிலுக்குத் தொழில் தனிமொழி இருப்பது புதுமையன்று. நம் இலக்கணத்தார் அதனை என்றோ கண்டு பெயரிட்டு வைத்தார்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்பது பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நன்னூல் உரைகளிற் காணும் எடுத்துக்காட்டுகள். நமது களத்து மேட்டுக்குச் சென்று பாருங்கள். அங்கே நெல்லை நெல் என்றா சொல்லுகிறோம்? 'பொலி' என்றல்லவா சொல்லுகிறோம்! வட்டை, வக்கடை, போகம் என்று கமக்காரர் பேசினால் நகரத்து மருத்துவர் விழிக்கிறார். மருத்துவர் தம் தாதியோடு பேசினால் கமக்காரர் விழிக்கிறார். இதிலே குற்றம் ஏதுமில்லை. வேலை விரைவாக நடப்பதற்கு வேலைக்காரர் கண்ட குறுக்கு வழி அது.

படைக்கு அந்தத் தேவை பன்மடங்கு பெரிது. வயலில் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் ஒரு வாய்க்கால் உடையும். கடலில் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் ஒரு கப்பலே உடையும். ஆங்கிலக் கப்பல்களிலே வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்ட்' என்றும் இடப்பக்கத்தை 'லார்போர்ட்' என்றும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். காற்றும் அலையும் இரைகின்ற வேளையிலே இரண்டும் ஒன்றுபோலவே செவியில் விழுந்தன. 1844ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம், இனிமேல் 'லார்போர்ட்' வேண்டாம், 'போர்ட்' என்றே சொல்லுக என்று ஆணையிட்டது. தம் முன்னோர் வழங்கிய சொல்லாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. கேட்பவனுக்கு விளங்காத சொல் எத்துணைப் பழமையானதாயினும் ஆபத்தானது என்று கண்டார்கள், மாற்றினார்கள்.

வானொலியில் எழுத்துக்களைச் சொல்லுவதற்கு அல்பா, பிராவோ, சார்லி என்று ஒரு வரிசை வழங்குவதை அறிவீர்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளைப் பேசுவோர் யாவரும் பிழையின்றிச் சொல்லவும் கேட்கவும் இயலவேண்டும் என்று ஆராய்ந்து தேர்ந்த சொற்கள் அவை. அந்த வரிசை இன்றுள்ள வடிவத்தில் நடைமுறைக்கு வந்த ஆண்டு 1956. ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் திரும்பி வருவேன். ஆபத்திலே சிக்கிய விமானமும் கப்பலும் உதவி கேட்டு 'மேடே' என்று கூவுகின்றன. 1923இல் உருவான அந்தச் சொல், 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயனும் உயிருக்குப் போராடும்போது பிரெஞ்சிலேதான் கூவுகிறான்! மானம் போய்விட்டதென்று அவன் வருந்துவதில்லை.

உலகம் சுற்றிய நம் சொற்கள்

படைமொழி எந்த ஓர் இனத்தின் தனிச்சொத்தும் அன்று. 'அட்மிரல்' என்னும் பெரும்பதவியின் பெயர் அரபு மொழியின் 'அமீர்' என்பதிலிருந்து வந்தது. 'கேணல்' இத்தாலியிலிருந்தும் 'காக்கி' பாரசீகத்திலிருந்தும் வந்தவை. வெடிமருந்துக் கிடங்கும் வாசகர் கையிலே தவழும் சஞ்சிகையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாற் குறிக்கப்படுகின்றன. 'மகசீன்' என்னும் அச்சொல்லும் களஞ்சியத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்ததே.

நாமும் வாங்கியிருக்கிறோம். 'பீரங்கி' என்பது பரங்கியரைக் குறித்த பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 'துப்பாக்கி' துருக்கியிலிருந்தும் 'பட்டாளம்' ஐரோப்பியரிடமிருந்தும் வந்தவை. தூய தமிழென்று நாம் நினைத்திருக்கும் 'மாலுமி' கூட, கப்பலைச் செலுத்தக் கற்றுணர்ந்தவனைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தவனே.

வாங்கியவர்கள் மட்டுமல்லர் நாம், கொடுத்தவர்களும் ஆவோம். கட்டுமரம் என்னும் நம் சொல் 'கட்டமரான்' ஆகி உலகெங்கும் மிதப்பதை யாவரும் அறிவர். அது ஒரு படைக்கலத்தின் பெயராயிற்று என்பதை அறிந்தவர் சிலரே. 1804ஆம் ஆண்டு ஒக்டோபரில், பிரான்சின் பூலோன் துறையிலே கூடிநின்ற நெப்போலியனின் படகுகளை அழிக்க, பிரித்தானியர் வெடிமருந்து நிரப்பிய மிதவைப் பெட்டிகளை அனுப்பினார்கள். அந்த மிதவைகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கட்டமரான்'! சோழமண்டலக் கரையிலே மீன்பிடிக்கப் பிறந்த சொல் பிரெஞ்சுக் கரையிலே போருக்குப் போனது.

நமது ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817இல் பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிலே மிதக்கிறது. கப்பலின் பெயரும் நம்முடையது. மரத்தின் பெயரும் நம்முடையது. தேக்குத்தான் ஆங்கிலேயர் வாயிலே 'டீக்' ஆயிற்று. அவர்களுடைய பழைய கப்பல் ஏடுகளிலே 'டிண்டல்' என்று காணும் சிறுதலைவன் தென்னாட்டுக் கரையின் 'தண்டல்' ஆவான். வல்வெட்டித்துறையார் அவனைத் 'தண்டையல்' என்பார்கள். அத்தகையோர் பிறந்த ஊரிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது.

இன்னுமொன்று கேளுங்கள். ஆங்கிலேயரின் கப்பல்களிலே பாயை இழுத்தவர்களிலும் நங்கூரத்தைத் தூக்கியவர்களிலும் பலர் 'லஸ்கர்' எனப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. துரைமார் என்ன செய்தார்கள்? 1811இல் தோமஸ் றோபக் என்னும் படையதிகாரி ஆங்கில-இந்துஸ்தானிக் கப்பற்சொல் அகராதி ஒன்றைக் கல்கத்தாவில் வெளியிட்டார். ஆளவந்தவன் ஆளப்பட்டவனின் சொல்லைப் படித்தான். அன்பினால் அன்று, படிக்காவிட்டாற் கப்பல் நகராது என்பதனால். தேவை தனக்கென்று வந்தால் எந்த அதிகாரமும் எந்த மொழியையும் கற்றுக்கொள்ளும்! 'தமிழில் இயலாது' என்று எவரேனும் சொல்லும்போதெல்லாம் இதனை எண்ணிப் பாருங்கள். இயலாமை மொழியிலே இல்லை; தேவையை உணராமையிலேதான் இருக்கிறது.

போருக்குச் சொல் இல்லாத மொழியா நம் மொழி? தொல்காப்பியத்தின் புறத்திணையியலைப் பாருங்கள். ஆநிரை கவர்தல் வெட்சி, மண்ணாசையாற் படையெடுத்தல் வஞ்சி, அரணை முற்றுதல் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வென்றது வாகை. போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவைக் குறியாக வைத்த மொழி இது. பாசறை, தூசிப்படை, அகழி, எயில், கலம், நாவாய், மீகாமன் என்று சொற்களை அடுக்கினால் இரவு போதாது.

கொடி மாறியது; குரல் மாறவில்லை

இனி நம் துறைமுகத்துக்கு வருவோம். 1620இல் டென்மார்க்கர் வந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பின் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் பறித்தார்கள். 1782 என்னும் ஒரே ஆண்டிலே ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய மூவரின் கொடிகளையும் இத்துறைமுகம் கண்டது. 1795இல் வந்த ஆங்கிலேயர் நிலைத்துவிட்டார்கள். இன்றும் கோணேசப் பெருமானை வழிபடச் செல்லும் அடியவர், ஆங்கில இளவரசர் ஒருவரின் பெயர் தாங்கிய பிரட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லுகின்றனர். வந்தவர் ஒவ்வொருவரும் நம்மை விளித்தது தம் மொழியிலே.

கடற்படையின் மொழியிலே ஒரு விந்தை உண்டு. தரையிலே கட்டப்பட்ட முகாமையும் அவர்கள் கப்பல் என்றே அழைப்பார்கள். ஆங்கிலேயர் இங்கே வைத்திருந்த கரைநிலையத்துக்கு 'ஹைபிளையர்' என்பது பெயர். அது மிதக்கவில்லை, ஆயினும் மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்! வாயிலைக் கடந்து கடைத்தெருவுக்குப் புறப்படும் மாலுமி 'கரைக்குப் போகிறேன்' என்பான். இன்றைய இலங்கைக் கடற்படையும் இம்மரபையே பின்பற்றுகிறது. திருகோணமலையிலே 'திஸ்ஸ', காரைநகரிலே 'எல்லாளன்' என்னும் தமிழ் மன்னனைக் குறிக்கும் 'எலார' என்று, தரைமுகாம்களுக்குக் கப்பலின் பெயரை வைத்திருக்கிறது. அவர்களுக்குள் அது குழூஉக்குறி. அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

1956ஆம் ஆண்டை நினைவில் வைக்கச் சொன்னேன். பல மொழி பேசுவோருக்கும் விளங்கவேண்டும் என்று உலகம் எழுத்து வரிசையைத் திருத்தியமைத்த அதே ஆண்டிலே, இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று 33ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிற்று. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி இந்தத் திருகோணமலையிலே மாநாடு கூட்டித் தமிழுக்குச் சமநிலை கேட்டது. 1957 ஜூலையிலே பண்டாரநாயக்க-செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். அந்நியன் கொடி இறங்கிற்று; அந்த மகிழ்ச்சியில் எல்லோருக்கும் பங்குண்டு. ஆனால் 1958 ஏப்ரலில் உடன்படிக்கை கிழித்தெறியப்பட்டது. இராணுவத்தின் அணிவகுப்புக் கட்டளைகள் காலப்போக்கிலே ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மாறின. துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த தமிழ் பேசும் குடிக்கு, அந்நாளிலும் விளங்காத குரல். இந்நாளிலும் விளங்காத குரல்.

கட்டளை வேறு, உறவு வேறு

அப்படியானால் அணிவகுப்புக் கட்டளையைத் தமிழில் இடவேண்டும் என்பதா என் வழக்கு? அன்று, தோழர்களே. இங்கே நாம் பகுத்தறிய வேண்டும்.

பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படையிலே பத்துக்கு மேற்பட்ட மொழியினர் இருந்தார்கள். அவர்கள் மொழியை மூன்றாகப் பிரித்தார்கள். கட்டளை மொழி ஒன்று, அது ஜெர்மன். அதிலே எண்பது சொற்கள் அளவே உண்டு. எவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அலுவலக மொழி மற்றொன்று, அதுவும் ஜெர்மன். மூன்றாவது, படைப்பிரிவின் மொழி. ஒரு பிரிவிலே ஐவரில் ஒருவர் பேசும் மொழியாயின் அது அப்பிரிவின் மொழியாகும். அதிகாரி அதைக் கற்றே தீரவேண்டும். அந்தப் பேரரசு பின்னர் வேறு காரணங்களால் வீழ்ந்தது. ஆயினும் அந்தப் பகுப்பு அறிவுடையது. பெல்ஜியத்திலே பிரெஞ்சு பேசும் அதிகாரிகளின் கீழ், பிளெமிஷ் பேசும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் முதல் உலகப் போரிலே பட்ட மனக்குறை நெடுங்காலம் கனன்றது. 1938இல் அந்நாடு, சிப்பாயை அவனுடைய மொழியிலேயே பயிற்றவேண்டும் என்று சட்டம் செய்தது.

நம்மவர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே சீனரே பெரும்பான்மையினர். ஆயினும் படையின் அணிவகுப்புக் கட்டளை மலாய் மொழியில்! சீனனும் தமிழனும் 'செடியா' என்ற குரலுக்கு நிமிர்ந்து நிற்கிறார்கள். ஆனால் அதே நாட்டிலே தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. பொதுமக்களுக்கான அறிவிப்புத் தமிழிலும் வருகிறது. 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையிற் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் இந்துஸ்தானிக் கட்டளைக்கு நடைபோட்டார்கள். ஆனால் நேதாஜியின் சொற்பொழிவு தமிழிலே பெயர்த்துரைக்கப்பட்டபோதுதான் அவர்கள் உள்ளம் எழுந்தது.

ஆகவே உரைகல் ஒன்றே: அந்தச் சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? படைவீரன் படைவீரனுக்குச் சொல்லுவது குழூஉக்குறி. அது எந்த மொழியிலும் இருக்கலாம், எத்துணைச் சுருக்கமாகவும் இருக்கலாம். படை, குடிமகனை நோக்கிச் சொல்லுவது குழூஉக்குறியாக இருத்தலாகாது. அது குடிமகனின் மொழியில், குடிமகனுக்கு விளங்கும் சொல்லில் இருக்கவேண்டும். அதுவே நம் வழக்கு. அவ்வளவே நம் வழக்கு.

வயல் வலயமான கதை

இவ்வழக்கு ஏட்டு வழக்கன்று என்பதற்குச் சம்பூரே சான்று. 2006ஆம் ஆண்டுப் போரிலே சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் அடங்கிய பகுதி, 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று வர்த்தமானியிலே அறிவிக்கப்பட்டது. நெல் விளைந்த நிலம், மாடு மேய்ந்த தரவை, பிள்ளையார் கோயில் வீதி, பள்ளிக்கூடத்து முற்றம். எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கின. வயல் என்ற சொல் போய் வலயம் என்ற சொல் வந்தது! வயலுக்கு உரியவன் இருக்கிறான், உறுதி இருக்கிறது, பங்காளி இருக்கிறான். வலயத்துக்கு உரியவன் யார்? எல்லைக்கோடு மட்டுமே இருக்கிறது. அந்த நிலங்கள் உரியவர்களிடம் திரும்பத் தொடங்குவதற்கு 2015, 2016ஆம் ஆண்டுகள் வரவேண்டியிருந்தன. ஏறத்தாழப் பத்தாண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து பள்ளியிலே பாதி வகுப்பைத் தாண்டும் காலம், ஒரு சொல்லின் நிழலிலே கழிந்தது.

நன்னூலார் குழூஉக்குறியோடு மங்கல வழக்கையும் சேர்த்தே சொன்னார். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது மங்கலம். துக்க வீட்டிலே அது பண்பாடு. போர்க்களத்திலே அதுவே திரையாகிவிடுகிறது. உலகப் படைகள் யாவும் இத்திரையைப் பயன்படுத்துகின்றன. பொதுமக்கள் சாவதற்குப் 'பக்கச்சேதம்' என்று பெயர் வைத்தார்கள். 2009இல் முடிந்த நம் நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்துக்கு அரசு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. முள்வேலிக்குள் மக்கள் அடைக்கப்பட்ட முகாம்களுக்கு வைத்த பெயர் 'நலன்புரி நிலையம்'. எதிர்ப்பக்கத்தை மட்டும் சொல்லி நம் பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆயுதம் ஏந்திய நம் இளைஞர் இயக்கங்களும் மாற்றுக் கருத்தினரைக் கொன்றதற்குக் 'களையெடுப்பு' என்ற சொல்லை வழங்கின. களையெடுப்பு கமக்காரனின் சொல்! பயிரை வாழவைப்பதற்காக அவன் குனிந்து செய்யும் வேலையின் பெயரை, மனிதனைக் கொல்லுவதற்குக் கடன் வாங்கினார்கள். சீருடை எதுவாயினும், சொல்லின் திரையை விலக்கிப் பொருளைப் பார்ப்பது குடிமகனின் கடமை.

சட்டம் இருக்கிறது, சொல் வரவில்லை

இன்று சட்டம் நம் பக்கம் இல்லையென்று எவரும் சொல்ல இயலாது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலே தமிழை நிருவாக மொழி என்றது. 2011இல் அறிக்கை தந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, அரசாங்க அலுவலகங்களில் எந்நேரமும் தமிழ் பேசும் அலுவலர் இருக்கவேண்டும் என்றும், பொலிஸ் நிலையங்களில் இருபத்து நான்கு மணிநேரமும் இருமொழி அறிந்தவர் இருக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. காகிதத்திலே தமிழ் ஆட்சி செய்கிறது! காவலரணிலே அது கைகட்டி நிற்கிறது.

இதனால் துன்பப்படுபவன் தமிழன் மட்டுமல்லன். தென்னிலங்கைக் கிராமம் ஒன்றிலே உழவனுக்கு மகனாகப் பிறந்து, வேலைக்காகச் சீருடை அணிந்து, இங்கே வீதியோரத்திலே நிற்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். எதிரே வரும் மூதாட்டி என்ன சொல்லுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு அவனிடம் அச்சம். அவனுக்கும் அவளைச் சூழ்ந்திருக்கும் ஊரிடம் அச்சம். இருவர் அச்சத்துக்கும் நடுவே ஒரு துப்பாக்கி இருக்கிறது. அந்த இளைஞனுக்கு நூறு தமிழ்ச் சொற்கள் கற்பித்திருந்தால், அது அவனுக்கும் கவசமாகியிருக்குமே!

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நம் கரைக்கு எந்த மொழியிலும் எச்சரிக்கை வரவில்லை. இனி வரும் எச்சரிக்கை சிங்களம் அறிந்தவனை முதலிலும் தமிழ் அறிந்தவனைப் பிந்தியும் எழுப்புமானால், இடைப்பட்ட அந்த நாழிகையிலே போகும் உயிருக்கு யார் பொறுப்பு? அலை மொழி பார்த்து அடிப்பதில்லை. குச்சவெளித் தமிழனையும் கிண்ணியா முஸ்லிமையும் கரையோரச் சிங்களவனையும் அது ஒன்றாகவே வாரிக்கொண்டு போகும்.

செய்ய வேண்டியவை

குறை சொல்லிக் கலைவது அழகன்று. நம்மால் இயன்றவை நான்கு உண்டு.

முதலாவது, கேட்டுப் பெறுதல். முகாமிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வரும் எந்த அறிவித்தலையும் தமிழிலே, எழுத்திலே கேளுங்கள். கேட்பது சண்டையன்று, அரசியலமைப்பு தந்த உரிமை. மறுத்தால், மறுத்த நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள்.

இரண்டாவது, வாசிக்க இயலாத தாளிலே ஒப்பமிடாதிருத்தல். காணி பற்றிய தாளாயின் இது வேதவாக்கு. எவ்வளவு அன்பாகப் பேனாவை நீட்டினாலும், 'படித்து விளங்கியபின் வருகிறேன்' என்று சொல்லிப் பழகவேண்டும். இங்கேயிருக்கும் சட்டத்தரணிகளையும் நில அளவையாளர்களையும் ஆசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன்: மாதத்தில் ஒரு நாளையேனும் இந்தத் தாள்களை வாசித்துச் சொல்லுவதற்கு ஊர்களுக்கு ஒதுக்குங்கள்.

மூன்றாவது, சொல்லாக்கம். அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அத்தமிழிலே ஒரு நோய் உண்டு. மொழிபெயர்ப்பை விளங்கிக்கொள்ள இன்னொரு மொழிபெயர்ப்புத் தேவைப்படுகிறது! கடலும் காவலும் பற்றிய சொற்களை ஆக்கும்போது 1844ஆம் ஆண்டின் பாடத்தை மறக்கலாகாது. சொல் குறியதாக இருக்கவேண்டும், இன்னொரு சொல்லோடு மயங்காதிருக்கவேண்டும், இரைச்சலிலும் கேட்கவேண்டும். அறிஞர்கள் அகராதியோடு மட்டும் அமராமல் மீனவரோடும் அமரவேண்டும். 'நங்கூரம்' பிறமொழிச் சொல் என்று தள்ளவேண்டாம். மக்கள் வாயிலே வாழ்கிற சொல் நம் சொல்லே.

நான்காவது, நம் பிள்ளைகள் சிங்களமும் கற்றல். இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கலாம். உரிமை கேட்பவன் பிறர் மொழியை வெறுக்கத் தேவையில்லை. அடுத்தவன் மொழியை விரும்பிக் கற்பது அறிவு; கற்றே தீரவேண்டும் என்று அடித்துத் திணிப்பது அடிமைத்தனம். முன்னதை நாம் செய்வோம். பின்னதை என்றும் ஏற்கமாட்டோம். அவர்களும் தமிழைக் கற்கட்டும். பாதி வழியில் சந்திப்போம்.

தோழர்களே! படை, அரசின் கை. ஆனால் அந்தக் கைக்குச் சோறு போடுவது குடி. திருவள்ளுவர் அரசனுக்குரிய உறுப்புகளை எண்ணும்போது படையையும் குடியையும் அருகருகே வைத்தார். குடியைப் படையின் காலடியிலே வைக்கவில்லை. தன் சோற்றுக்கு உழைக்கும் குடியிடம் படை பேசவேண்டுமாயின், அந்தக் குடிக்கு விளங்கும் மொழியிலே பேசுவது சலுகையன்று, கடன். அந்தக் கடனை அமைதியாகக் கேட்போம், அயராமற் கேட்போம், தமிழிலேயே கேட்போம்.